சிறை அலுவலரின் போதைப்பொருள் முறைகேடு: ஒழுக்காற்று நடவடிக்கையை முறையாக நடத்துவதற்கான வழிகாட்டல்

சிறைச்சாலைக்குள் போதைப்பொருள் வருவதற்குப் பல வழிகள் உள்ளன. மதிலுக்கு மேலால் எறியப்படும் பொதி, பார்வையாளர் கொண்டுவரும் சோற்றுப் பார்சல், நீதிமன்றம் சென்று திரும்பும் விளக்கமறியல் கைதி என்று எந்த வழியாக வந்தாலும், அதைத் தடுக்க வேண்டியவர் வாயிலில் நிற்கும் அலுவலரே. அவரே அந்த வழியாகிவிட்டால் மதில் எவ்வளவு உயரமாக இருந்தும் பயனில்லை. அத்தகைய அலுவலர் மீது நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பதில் எவருக்கும் மாற்றுக் கருத்து இருக்க முடியாது. ஆனால் அந்த நடவடிக்கை எடுக்கப்படும் விதத்தில்தான் கோவைகள் பலவும் உடைந்துபோகின்றன. அவசரத்தில் எழுதிய ஒரு குறிப்போ, முத்திரையிடப்படாத ஓர் உறையோ, வாசிக்கத் தெரியாத மொழியில் பெறப்பட்ட ஒரு கையொப்பமோ போதும், குற்றம் புரிந்தவர் நிலுவைச் சம்பளத்துடன் அதே வாயிலுக்குத் திரும்பி வந்துவிடுவார். அதே கவனக்குறைவு குற்றமற்ற ஒருவரின் தொழிலையும் ஓய்வூதியத்தையும் பறித்துவிடவும் கூடும்.

இலங்கை மலையகத்தின் பதுளை, நுவரெலியா, பல்லேகலையில் உள்ள தும்பறை ஆகிய சிறைச்சாலைகளிலும், தல்தெனை இளங்குற்றவாளிகள் நிலையத்திலும் பணியாற்றும் மேலலுவலர்கள், விசாரணை அலுவலர்கள், குற்றஞ்சாட்டப்பட்டவர் சார்பில் தோன்றும் அலுவலர்கள் ஆகியோரை மனத்திற்கொண்டு இது எழுதப்படுகிறது. குற்றஞ்சாட்டப்பட்ட அலுவலரும் அவருடைய குடும்பத்தாரும் இதை வாசித்தால் அவர்களுக்கும் பயன்படும். சட்ட அடிப்படை நாடு முழுவதற்கும் ஒன்றே என்றாலும், மலையகத்தின் குளிர், தொலைவு, மொழி, சிறு நகரங்களின் நெருங்கிய உறவுமுறை ஆகியவை விசாரணையின் ஒவ்வொரு படியிலும் வந்து குறுக்கிடுகின்றன.

எவ்வகை முறைகேடு என்பதை முதலில் பிரித்தறிதல்

“போதைப்பொருளுடன் தொடர்புபட்டார்” என்று பொதுவாக எழுதப்பட்ட அறிக்கையை வைத்துக்கொண்டு எவரையும் முறையாக விசாரிக்க முடியாது. பணத்துக்காகப் பொருளை உள்ளே கொண்டுவருபவர் ஒரு வகை. தாம் எதையும் தொடாமல், இன்னொருவர் கொண்டுவருவதைப் பணம் வாங்கிக்கொண்டு கண்டும் காணாமல் விடுபவர் இன்னொரு வகை. தாமே உட்கொள்பவர் மூன்றாவது வகை. சோதனை செய்ய வேண்டிய இடத்தில் சோம்பலாலோ அறிமுகத்தாலோ சோதிக்காமல் விட்டவர் நான்காவது. இந்த நால்வருக்கும் பொருந்தும் சட்டம், தேவைப்படும் சான்று, பொருத்தமான தண்டனை ஆகிய மூன்றும் வேறு வேறு.

முதலாமவர் நச்சுப்பொருட்கள், அபின் மற்றும் அபாயகர ஒளடதங்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் நீதிமன்றத்துக்குச் செல்ல வேண்டியவர். 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமான இது 1984இல் கடுமையாக்கப்பட்டது. 2 கிராம் அல்லது அதற்கு மேற்பட்ட ஹெரோயினைக் கடத்தினாலோ வைத்திருந்தாலோ மரண தண்டனை அல்லது ஆயுட்சிறை விதிக்கப்படலாம். 2022ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கத் திருத்தம், ஐஸ் என்று பரவலாக அழைக்கப்படும் மெத்தம்பெட்டமினையும் 5 கிராம் என்ற அளவுடன் அந்த வரிசையில் சேர்த்தது. இரண்டாமவருக்கு 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டமும் பொருந்தும். அவரைப் பற்றிய முறைப்பாடு இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவுக்கும் செல்ல வேண்டும். மூன்றாமவருக்கு ஒழுக்காற்று நடவடிக்கையோடு சிகிச்சையும் தேவை. நான்காமவரின் பிழை கடமையில் அசட்டை. அவரைக் கடத்தல்காரர் என்று குற்றஞ்சாட்டினால் அந்தக் குற்றச்சாட்டு நிற்காது. அசட்டைக்காகக் கிடைத்திருக்க வேண்டிய நியாயமான தண்டனையும் அதனோடு சேர்ந்து கைநழுவிப் போகும்.

கண்டெடுத்த முதல் ஒரு மணித்தியாலம்

காலைக் கடமைக்கு வரும் சிறைக்காவலர் ஒருவரின் சாப்பாட்டுப் பெட்டியில், சோற்றுத் தட்டின் அடியில், நிறமற்ற பளிங்குத் துகள்கள் அடங்கிய சிறிய பொலித்தீன் பொதி ஒன்று கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். குளிருக்காக அவர் மழைக்கோட்டும் அதனுள்ளே கம்பளிச் சட்டையும் அணிந்திருக்கிறார். கையில் தேநீர்ப் போத்தல் வேறு. மலைநாட்டுச் சிறைகளில் அலுவலர்கள் உள்ளே கொண்டுவரும் துணிகளும் பாத்திரங்களும் கீழ்நாட்டைவிடக் கூடுதல் என்பதால், வாயிற் சோதனை ஒவ்வொரு துணியையும் ஒவ்வொரு பாத்திரத்தையும் தனித்தனியாக எடுத்துப் பார்ப்பதாக இருக்க வேண்டும். அதுவும் எல்லோருக்கும் ஒரே மாதிரியாக நடக்க வேண்டும். சந்தேகத்துக்குரியவரை மட்டும் சோதித்தால், “என்னை மட்டும் குறிவைத்தார்கள்” என்ற வாதத்துக்கு நாமே இடம் கொடுத்தவர்களாவோம்.

பொதி கிடைத்த கணத்தில் செய்ய வேண்டிய முதற்செயல், அதை அசைக்காமல் இருந்த இடத்திலேயே வைத்து, பெட்டியோடு சேர்த்து நிழற்படம் எடுப்பது. அடுத்ததாக, அந்த அலுவலரையும் சாட்சிகளாக நிற்கக்கூடிய இருவரையும் அதே இடத்தில் நிறுத்தி, அவர்கள் கண்முன்னே பொதியை உறையிலிட வேண்டும். பொதியைத் திறந்து பார்ப்பதோ முகர்ந்து பார்ப்பதோ கூடாது. சமையலறைத் தராசில் நிறுத்து, “சுமார் 3 கிராம்” என்று பதிவேட்டில் எழுதுவது மிகவும் கெடுதியான பழக்கம். 2 கிராம், 5 கிராம் என்ற எல்லைகள் ஒருவரின் உயிரையே தீர்மானிப்பவை. அவை பகுப்பாய்வில் கண்டறியப்படும் தூய பொருளின் நிறையைக் குறிப்பவை. சிறைச்சாலையில் ஊகித்து எழுதிய நிறையும் பின்னர் வரும் அறிக்கையின் நிறையும் வேறுபட்டால், அந்த வேறுபாடு ஒன்றே குறுக்கு விசாரணையில் அரை நாளை எடுத்துக்கொள்ளும். பொதிகளின் எண்ணிக்கை, நிறம், கட்டிய விதம், கிடைத்த இடம், நேரம் ஆகியவற்றை எழுதினால் போதும். துல்லியமான நிறுவை பொலிஸாரின் வேலை.

உறையை அரக்கு முத்திரையால் மூட வேண்டும். குற்றஞ்சாட்டப்படுபவரின் இடது பெருவிரல் அடையாளத்தையும் சாட்சிகளின் கையொப்பங்களையும் உறையின் மீதே பெற வேண்டும். மழைக்காலத்தில் மலையகத்தின் ஈரக்காற்றில் பசை இளகும், கடதாசி உறை ஊறிப்போகும், மை கசியும். ஆகவே கடதாசி உறையைப் பொலித்தீன் உறை ஒன்றினுள் வைத்து அதையும் மூடி முத்திரையிடுவது அவசியம். பதுளையிலிருந்தோ நுவரெலியாவிலிருந்தோ பத்தரமுல்லையில் உள்ள அரசாங்க இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களத்துக்குப் பொருள் சென்று சேர ஒரு முழு நாள் பிடிக்கும். மண்சரிவால் வீதி மூடப்பட்டால் அதற்கும் மேலாகும். இடையில் அது எந்த இரவு, எந்தப் பெட்டகத்தில், யாருடைய சாவியின் கீழ் இருந்தது என்பதற்கு எழுத்துச் சான்று வேண்டும். கைப்பற்றிய இடத்திலிருந்து பகுப்பாய்வாளரின் மேசை வரையான பயணம் முறிவின்றி நிரூபிக்கப்பட வேண்டும் என்பதை நமது மேன்முறையீட்டு நீதிமன்றம் போதைப்பொருள் வழக்குகளில் பலமுறை வலியுறுத்தியுள்ளது. “வீதி தடைப்பட்டதால் பொலிஸ் நிலையத்திலேயே வைக்கப்பட்டது” என்ற ஒரு வரியை அன்றே எழுதினால் அது விளக்கம். மூன்று ஆண்டுகளுக்குப் பின் சாட்சிக்கூண்டில் சொன்னால் அது சாக்குப்போக்காகவே கேட்கும்.

அலுவலரிடம் கைத்தொலைபேசி இருந்தால் அதைத் திறந்து செய்திகளைப் படிக்காமல் தனியே உறையிலிட்டு முத்திரையிட வேண்டும். பாதுகாப்புக் கமராப் பதிவுகள் சில நாட்களில் தாமாகவே அழிந்துவிடும் என்பதால், அன்று மாலைக்குள் அவற்றைப் பிரதியெடுத்து, பிரதியெடுத்தவரின் கூற்றையும் இணைக்க வேண்டும். வாயிற் பதிவேடு, கடமைப் பட்டியல், சாவிப் பதிவேடு ஆகியவற்றின் உரிய பக்கங்களும் அன்றே நிழற்பிரதி எடுக்கப்பட்டு, மூலப் பதிவேடுகள் மேலலுவலரின் பொறுப்புக்கு மாற வேண்டும். கண்டியில் 1876 முதல் இயங்கிய போகம்பறைச் சிறை 2014இல் மூடப்பட்டு கைதிகள் பல்லேகலைக்கு மாற்றப்பட்ட பின்னர், நகரிலுள்ள நீதிமன்றங்களுக்கான போக்குவரத்து நீண்டுவிட்டது. அவ்வாறு நீண்ட பயணங்களில் வாகனம் எங்கே நின்றது, யார் இறங்கினார், மலசலகூடத்துக்கு யார் யாரை அழைத்துச் சென்றார் என்பவையும் சான்றுகளே. துணைக்காவல் கடமைக்கான பதிவேட்டை மறந்துவிடக் கூடாது.

பொருள் கிடைத்த இடம் பெட்டியாகவோ பையாகவோ இல்லாமல் ஓய்வறை அலுமாரியாக இருந்தால் கூடுதல் கவனம் தேவை. அந்த அலுமாரிக்கு எத்தனை சாவிகள், யார் யாரிடம் என்ற கேள்வியைக் கேட்காத விசாரணை முழுமையற்றது. பொருள் கொண்டுவர மறுத்த நேர்மையான காவலரைச் சிக்கவைக்க, கைதிகளோ கடத்தலில் பங்குள்ள சக அலுவலர்களோ அவருடைய அலுமாரியில் பொதியை வைத்துவிடுவது நடக்கக்கூடியது. அந்தச் சாத்தியத்தை விசாரித்து விலக்கிய பின்னரே அடுத்த படிக்குச் செல்ல வேண்டும்.

பொலிஸாருக்கு அறிவித்தல்

இதில் தெரிவுக்கு இடமில்லை. பொருள் கிடைத்தவுடன் அத்தியட்சகர் அருகிலுள்ள பொலிஸ் நிலையத்துக்கு அறிவித்து, முத்திரையிட்ட உறையைப் பற்றுச்சீட்டுடன் ஒப்படைக்க வேண்டும். “திணைக்களத்துக்குள்ளேயே பார்த்துக்கொள்வோம்” என்று முடிவெடுப்பவர், நோக்கம் நல்லதாக இருந்தாலும், தாமே ஒரு குற்றத்தை மறைத்தவராகிவிடுவார்.

சந்தேக நபரை இடமாற்றம் செய்து விடயத்தை முடித்துவிடுவதும் அதே வகையைச் சேர்ந்தது. நுவரெலியாவில் சந்தேகிக்கப்பட்டவரை வேறொரு மாகாணத்துச் சிறைக்கு அனுப்பினால், நுவரெலியாவின் கடத்தல் வழி சில வாரங்கள் தடைப்படும். புதிய சிறையில் ஒரு வழி திறக்கும். விசாரணைக்கு வசதியாக ஒருவரைத் தற்காலிகமாக விலக்கிவைப்பது வேறு. விசாரணைக்குப் பதிலாக இடமாற்றத்தை வைப்பது, என் கருத்தில், முறைகேட்டுக்குத் துணைபோவதே.

உட்கொள்பவர் என்ற சந்தேகமும் சிறுநீர்ச் சோதனையும்

கண் சிவந்திருந்தது, பேச்சுக் குழறியது, கடமையில் தூங்கினார் என்பவை அவதானிப்புகள் மட்டுமே. இரவுக் கடமையும் குளிரும் காய்ச்சலும் இதே தோற்றத்தைத் தரும். ஆகவே அவதானித்தவர் தாம் கண்டதை மட்டும் எழுதி, முடிவை மருத்துவரிடம் விட வேண்டும். அலுவலரைத் தாமதமின்றிச் சட்ட வைத்திய அதிகாரியிடமோ அரச மருத்துவமனை மருத்துவரிடமோ அனுப்பி, சம்மதத்தை எழுத்தில் பெற்று, மாதிரி எடுக்கச் செய்ய வேண்டும். அவர் மறுத்தால் பலவந்தம் கூடாது. மறுப்பையும் அவர் கூறிய காரணத்தையும் பதிவு செய்ய வேண்டும்.

காலம் இங்கே முக்கியமானது. ஹெரோயினின் எச்சங்கள் சிறுநீரில் பொதுவாக இரண்டு மூன்று நாட்களும், ஹெரோயினுக்கே உரிய தனிச்சிறப்பான எச்சம் ஒரு நாளுக்கும் குறைவாகவுமே தெரியும். ஐஸ் சில நாட்கள் நிற்கும். கஞ்சாவை நெடுங்காலம் தொடர்ந்து பயன்படுத்தியவரிடம் வாரக்கணக்கிலும் எச்சம் காணப்படலாம் என்பதால், அந்தச் சோதனையின் பெறுபேறு ஒருவர் கடமை நேரத்தில் கஞ்சா புகைத்தார் என்பதை நிரூபிக்காது. உடனடிப் பட்டைச் சோதனை முதல்நிலைச் சைகை மட்டுமே. கொடெயின் கலந்த இருமல் மருந்து அருந்தியவருக்கும் அபின்வகைப் பொருள் இருப்பதாக அது காட்டும். சில தடிமல் மாத்திரைகள் அம்பெட்டமின் வகையாகக் காட்டக்கூடும். ஆண்டில் பாதி நாட்கள் தடிமலும் இருமலுமாகக் கழியும் நுவரெலியாவில் இந்த எச்சரிக்கை வெறும் சம்பிரதாயம் ஆகாது. மாதிரி எடுக்கும்போதே கடந்த ஒரு வாரத்தில் உட்கொண்ட மருந்துகளைக் கேட்டு எழுதவும், ஆய்வுகூட உறுதிப்படுத்தற் சோதனை வரும் வரை “போதைப்பொருள் பாவித்தவர்” என்று எங்கும் எழுதாமல் இருக்கவும் வேண்டும்.

பணி இடைநிறுத்தம்

பாரதூரமான குற்றச்சாட்டு என்பதற்கு முதற்தோற்றச் சான்று இருந்து, அலுவலர் கடமையில் தொடர்வது பொதுநலனுக்கோ விசாரணைக்கோ பாதகமாகும் எனக் கண்டால், அவரது பணியை இடைநிறுத்தலாம். சிறைக்குள் பொருள் கொண்டுவந்தார் என்ற குற்றச்சாட்டில் இந்த நிபந்தனை பெரும்பாலும் நிறைவேறும், ஏனெனில் சாட்சிகளான கைதிகள் அவருடைய சாவியின் கீழ் இருப்பவர்கள். இடைநிறுத்தக் கட்டளையை அதற்கு அதிகாரமுள்ளவரே பிறப்பிக்க வேண்டும். சம்பளம் பற்றிய நிலைப்பாடு கட்டளையிலேயே எழுதப்பட வேண்டும். சீருடை, அடையாள அட்டை, சாவிகள் ஆகியவற்றைப் பெற்றுக்கொண்டதற்குப் பட்டியலும் இருக்க வேண்டும். அவர் சிறை வளாகக் குடியிருப்பில் வசிப்பவரானால், குடும்பம் அங்கே தொடர்ந்து இருப்பதா, அவர் வளாகத்துக்குள் எந்த வழியால் வந்துபோவது என்பதை அன்றே தீர்மானிக்க வேண்டும். இதைத் தீர்மானிக்காமல் விட்டால், இடைநிறுத்தப்பட்டவர் மறுநாளே வாயிலருகில் நின்று சாட்சிகளோடு உரையாடும் நிலை உருவாகும்.

பூர்வாங்க விசாரணையும் கைதிகளின் வாக்குமூலமும்

பூர்வாங்க விசாரணையின் நோக்கம் உண்மைகளைத் திரட்டுவது. எவரையும் குற்றவாளியாகக் காண்பது அதன் வேலையாகாது. இதை நடத்துபவர் வேறொரு சிறையைச் சேர்ந்தவராக இருப்பது நல்லது. பதுளையில் பணியாற்றும் காவலரும், அவரை விசாரிக்கும் ஜெயிலரும், சாட்சி சொல்லும் கைதியும் ஒரே தோட்டத்தில் பிறந்து ஒரே பாடசாலையில் படித்தவர்களாக இருப்பது மலையகத்தில் அரிதான ஒன்றன்று. அவர்களுக்கிடையே மாமன் மச்சான் உறவோ பழைய மனத்தாங்கலோ இருக்கலாம். இரண்டும் விசாரணையைக் கெடுக்கும். எவ்வாறாயினும், பூர்வாங்க விசாரணை செய்தவரே பின்னர் முறையான விசாரணைக்குத் தலைமை தாங்கக் கூடாது.

கைதி ஒருவரின் வாக்குமூலத்தை எடுக்கும்போது மூன்று விடயங்களை மனத்திற்கொள்ள வேண்டியுள்ளது. அவர் சலுகையை எதிர்பார்த்துப் பேசக்கூடும், பழிவாங்கப் பேசக்கூடும், அனைத்துக்கும் மேலாக, உண்மையைச் சொல்லிவிட்டு இரவைக் கழிக்க வேண்டியதும் அதே கட்டடத்தில்தான். ஆகவே அவருக்கு எந்த வாக்குறுதியும் அளிக்கக் கூடாது. ஆனால் பாதுகாப்பு அளிக்க வேண்டும். 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சாட்சிகள் பாதுகாப்புச் சட்டம் கைதிகளான சாட்சிகளுக்கும் பயன்படக்கூடியது. வாக்குமூலத்துக்காக அவரை எல்லோரும் பார்க்க அலுவலகத்துக்கு அழைத்துச் செல்லாமல், மருத்துவப் பரிசோதனைக்கோ நலன்புரி அலுவலரைச் சந்திக்கவோ அழைக்கப்படும் ஒழுங்கிலேயே அழைக்கலாம். அவர் கூறுவதை அவருடைய சொற்களிலேயே எழுத வேண்டும். “சேர், குடு பக்கெட் ஒன்றுக்கு வெளியில இருக்கிற தம்பிதான் காசு போடுவான்” என்று அவர் சொன்னால், அதை “போதைப்பொருளுக்கான கொடுப்பனவு உறவினரால் மேற்கொள்ளப்பட்டது” என்று மாற்றி எழுதுபவர், தம்மை அறியாமலே சாட்சியின் குரலை அழிக்கிறார். அத்தகைய வாக்குமூலத்தைக் கேட்கும் எவருக்கும் அது கைதி பேசியதன்று என்று தெரிந்துவிடும்.

கைதியின் வாய்ச்சொல் தனித்து நிற்காது. அதற்குத் துணைச்சான்று தேட வேண்டும். பணம் அலுவலரின் கணக்குக்கு நேரே வருவது குறைவு; மனைவி, மைத்துனர், கடைக்காரர் ஆகியோரின் வங்கிக் கணக்கு வழியாகவோ கைத்தொலைபேசிப் பணப்பரிமாற்றம் வழியாகவோதான் பெரும்பாலும் வந்துசேரும். ஒழுக்காற்று விசாரணை அலுவலருக்கு அந்தக் கணக்குகளைப் பார்க்கும் அதிகாரம் இல்லை. பொலிஸாரும் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவும் அதைப் பெற முடியும். எனவே கைதி கூறிய தொலைபேசி எண், தொகை, தேதி ஆகியவற்றைத் துல்லியமாக எழுதி அவர்களுக்கு அனுப்புவதே விசாரணை அலுவலர் செய்யக்கூடிய பயனுள்ள செயல்.

குற்றஞ்சாட்டப்பட்டவர் தாமாகவே குற்றத்தை ஒப்புக்கொண்டாலும் அதில் மட்டும் தங்கியிருக்கக் கூடாது. அச்சுறுத்தியோ, “ஒப்புக்கொண்டால் வேலையைக் காப்பாற்றுகிறேன்” என்று ஆசை காட்டியோ பெறப்பட்ட ஒப்புதல், சான்றுக் கட்டளைச் சட்டத்தின் முன் நிற்காது. அடித்துப் பெறப்பட்டதானால், 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சித்திரவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் அடித்தவரே குற்றஞ்சாட்டப்பட்டவராவார்.

குற்றச்சாட்டுப் பத்திரமும் அதன் மொழியும்

அரச அலுவலர்களின் சேவை விதிகளைக் கூறும் தாபன விதிக்கோவையின் இரண்டாம் தொகுதியில் உள்ள 47ஆம் அத்தியாயம் அலுவலர் நடத்தையையும் 48ஆம் அத்தியாயம் ஒழுக்காற்று நடைமுறையையும் கூறுகின்றன. அரசாங்க சேவை ஆணைக்குழுவின் நடைமுறை விதிகளும் அவற்றோடு சேர்த்து வாசிக்கப்பட வேண்டியவை. சேவையிலிருந்து நீக்கும் அளவுக்குப் பாரதூரமான குற்றங்கள் முதலாம் அட்டவணையிலும் சிறியவை இரண்டாம் அட்டவணையிலும் அடங்கும். குற்றச்சாட்டுப் பத்திரம் எந்த அட்டவணையின் கீழ் வருகிறது என்பது முதலிலேயே தெளிவாக வேண்டும்.

வரைபவருக்கு நான் கூறும் மிக முக்கியமான ஆலோசனை, குற்றச்சாட்டு முழுவதையும் பகுப்பாய்வாளர் அறிக்கையில் தொங்கவிட வேண்டாம் என்பதே. நமது எடுத்துக்காட்டில், “இன்ன தேதியில் இன்ன நேரத்தில் அனுமதிக்கப்படாத பொதி ஒன்றைச் சாப்பாட்டுப் பெட்டியில் மறைத்துச் சிறைக்குள் கொண்டுவர முயன்றமை” என்பது முதலாவது குற்றச்சாட்டாக இருக்கட்டும். “அதை வாயிற் சோதனையில் வெளிப்படுத்தத் தவறியமை” இரண்டாவது. “அப்பொதியில் மெத்தம்பெட்டமின் இருந்தமை” மூன்றாவது. “இவற்றால் அரச சேவைக்கு அபகீர்த்தி ஏற்படுத்தியமை” நான்காவது. அறிக்கை தாமதமானாலும், பொருள் கைமாறிய சான்றுச் சங்கிலியில் ஒரு கண்ணி முறிந்து மூன்றாவது குற்றச்சாட்டு விழுந்தாலும், முதல் இரண்டும் தம் காலில் நிற்கும். அவை ஒவ்வொன்றும் ஒரு செயல், ஓர் இடம், ஒரு நேரம் என்று எழுதப்பட்டால், குற்றஞ்சாட்டப்பட்டவருக்கும் எதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது விளங்கும். சான்றாவணங்களின் பட்டியலும் சாட்சிகளின் பட்டியலும் பத்திரத்தோடு இணைக்கப்பட வேண்டும்; ஆவணங்களைப் பார்வையிட அவருக்கு நேரமும் வேண்டும்.

மொழி விடயத்தைத் தனியே எடுத்துச் சொல்ல வேண்டியுள்ளது. “சேர், எனக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது” என்று கூறும் தமிழ் பேசும் காவலர்கள் மலையகத்தில் பலர். அன்றாடக் கடமையைச் சரளமான பேச்சுச் சிங்களத்தில் செய்பவர் என்பதற்காக, சட்டச் சொற்கள் நிறைந்த மூன்று பக்கச் சிங்கள வாக்குமூலத்தை அவர் வாசித்து விளங்கிக் கையொப்பமிட்டார் என்று கொள்ள முடியாது. அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம் தமிழையும் அரசகரும மொழியாகக் கூறி, தமிழில் தொடர்புகொள்ளவும் பதில் பெறவும் உரிமை அளிக்கிறது. நுவரெலியா மாவட்டத்திலும் பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலாளர் பிரிவுகளிலும் சிங்களத்தோடு தமிழும் நிர்வாக மொழியாக வர்த்தமானியில் பிரகடனப்படுத்தப்பட்டிருக்கிறது. ஆகவே பூர்வாங்க விசாரணையின் முதல் கேள்வியே “எந்த மொழியில் வாக்குமூலம் தர விரும்புகிறீர்கள்?” என்பதாக இருக்கட்டும், அதற்குரிய பதிலும் எழுதப்படட்டும். தமிழில் கூறியது தமிழிலேயே எழுதப்பட்டு, மொழிபெயர்ப்பு பின்னர் இணைக்கப்பட வேண்டும். மொழிபெயர்ப்பாளர் அதே சிறையின் சக காவலராக இருக்கக் கூடாது. குற்றச்சாட்டுப் பத்திரம், அழைப்பாணை, இறுதிக் கட்டளை ஆகிய மூன்றும் அவருக்குப் புரியும் மொழியில் வழங்கப்பட வேண்டும். இது குற்றஞ்சாட்டப்பட்டவருக்குக் காட்டும் கருணை என்று நினைப்போர் உள்ளனர். உண்மையில் இதனால் மிகவும் பயன்பெறுவது குற்றச்சாட்டின் தரப்பே; “எனக்கு விளங்கவில்லை” என்ற வாதம் அத்தோடு அடைபட்டுவிடுகிறது. புரியாத மொழியில் தரப்பட்ட பத்திரத்தைப் பெற்ற அலுவலர், பதில் அனுப்பும் முன்னரே தமிழ்ப் பிரதியை எழுத்தில் கோர வேண்டும். மறுக்கப்பட்டால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறையிடலாம்.

நீதிமன்ற வழக்கு நடக்கும்போது ஒழுக்காற்று விசாரணை

மேல் நீதிமன்றத்தில் போதைப்பொருள் வழக்கு முடிய ஆண்டுகள் செல்லும். அதுவரை ஒழுக்காற்று விசாரணையை ஒத்திவைப்பது பெரும்பாலும் இருதரப்புக்கும் தீங்கானது. சாட்சிகளான கைதிகள் விடுதலையாகிச் சென்றுவிடுவார்கள், பதிவேடுகள் பூஞ்சணம் பிடிக்கும், குற்றமற்றவரானால் அவருடைய குடும்பம் அரைச் சம்பளமோ சம்பளமே இல்லாமலோ காத்திருக்கும். இரண்டும் ஒருங்கே நடக்கலாம். நீதிமன்றம் நியாயமான சந்தேகத்துக்கு அப்பாற்பட்ட நிரூபணத்தைக் கோருகிறது. ஒழுக்காற்று விசாரணைக்குச் சாத்தியங்களின் சமநிலை போதுமானது. இதனால் நீதிமன்றத்தில் விடுதலை பெற்றமை ஒழுக்காற்றுத் தண்டனையைத் தானாக நீக்கிவிடாது. இருந்தும் ஒருவரைச் சேவையிலிருந்தே நீக்கும் அளவுக்குக் குற்றச்சாட்டு பாரதூரமாகும்போது, சான்றும் அந்தக் கனத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்பதை விசாரணை அலுவலர் மறக்கலாகாது. மூலப் பொருட்கள் நீதிமன்றப் பொறுப்பில் இருந்தால், சான்றுப்படுத்திய பிரதிகளை நீதவான் நீதிமன்றத்திடம் முன்கூட்டியே விண்ணப்பித்துப் பெற வேண்டும்.

விசாரணையில் குற்றஞ்சாட்டப்பட்டவருக்குத் தமக்காகத் தோன்றும் அலுவலரைத் தெரிவுசெய்யவும், சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யவும், தம் சாட்சிகளை அழைக்கவும் உரிமை உண்டு. அவர் கேட்ட ஒத்திவைப்பை மறுத்தால் காரணத்தைக் குறிப்பில் எழுத வேண்டும். கைதியான சாட்சியை அழைத்து வரும் துணைக்காவலர்களில் குற்றஞ்சாட்டப்பட்டவரின் நண்பர்கள் இல்லாதவாறு பார்த்துக்கொள்வது அத்தியட்சகரின் பொறுப்பு.

தண்டனையைத் தீர்மானித்தல்

பணத்துக்காகக் கொண்டுவந்தார் என்பது நிரூபிக்கப்பட்டால், சேவைக்காலமும் நற்சான்றுகளும் எவ்வளவாக இருந்தாலும் பணிநீக்கமே பொருத்தமானது என்பது என் உறுதியான கருத்து. சிறைக்கு வருவோரில் பெரும்பங்கினர் போதைப்பொருள் வழக்குகளில் சிக்கியவர்கள். அதிலிருந்து மீள முயலும் ஒருவரின் அறைக்கே அதை விற்பனைக்குக் கொண்டுசென்றவருக்கு அந்தச் சீருடையில் இடமில்லை. அசட்டைக்குச் சம்பள ஏற்றத்தை நிறுத்துதல், பதவி குறைத்தல் போன்றவை போதும். அத்தோடு அவருடைய மேலதிகாரி வாயிற் சோதனையை எவ்வாறு மேற்பார்வை செய்தார் என்பதும் கேட்கப்பட வேண்டும். கீழ்நிலைக் காவலரோடு மட்டும் எல்லா விசாரணைகளும் நின்றுவிடும் ஒரு சிறையில், பிழை எங்கே தொடங்குகிறது என்பதை எவரும் தேடவில்லை என்றே பொருள்.

உட்கொள்பவர் விடயத்தில் தீர்மானம் கடினமானது. கடனிலும் அடிமைத்தனத்திலும் சிக்கிய காவலரைக் கடத்தல்காரர்கள் எளிதில் வாங்கிவிடுவார்கள் என்பதால், அவரைக் கைதிகளோடு தொடர்புள்ள கடமையில் வைத்திருக்க முடியாது. ஆயினும், எவருக்கும் பொருள் கடத்தாதவர், தாமாகவே முன்வந்து உதவி கேட்டவர் என்றால், 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் வகுத்த சிகிச்சை, புனர்வாழ்வு வழியைப் பயன்படுத்துவது நியாயமானது. தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் சிகிச்சை நிலையம் கண்டியிலும் இயங்குகிறது. சிகிச்சைக் காலம், பின்தொடர் சோதனைகள், மீண்டும் கடமைக்கு எடுப்பதற்கான நிபந்தனைகள் ஆகியவை எழுத்தில் இருக்க வேண்டும். சிகிச்சைக்குச் சென்றதை அவருக்கு எதிரான சான்றாகப் பயன்படுத்தினால், அடுத்தவர் எவரும் வாய் திறக்க மாட்டார்.

மேன்முறையீடும் அதற்குப் பின்னும்

கட்டளையில் காரணங்கள் எழுதப்பட வேண்டும். ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் எந்தச் சான்றை ஏற்று எதைத் தள்ளினோம் என்பது அதில் தெரிய வேண்டும். கையளிக்கப்பட்ட அதிகாரத்தின் கீழ் பிறப்பிக்கப்பட்ட கட்டளைக்கு எதிராக அரசாங்க சேவை ஆணைக்குழுவுக்கும், ஆணைக்குழுவின் கட்டளைக்கு எதிராக 2002ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் நிர்வாக மேன்முறையீட்டு நியாய சபைக்கும் செல்லலாம். அடிப்படை உரிமை மீறப்பட்டதாகக் கருதினால், அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின் கீழ் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தை நாட வேண்டும். கொழும்புக்குத் தொலைவில் இருப்போருக்கு அந்த ஒரு மாதம் விரைவில் கரைந்துவிடும் என்பதால், கட்டளை கிடைத்த அன்றே அதன் தேதியை உறையோடு பாதுகாத்து, சட்டத்தரணியைச் சந்திப்பது நல்லது.

மேன்முறையீடுகள் யாவும் முடியும் வரை மூலக் கோவையையும் பதிவேடுகளையும் ஈரமற்ற அலுமாரியில், பக்க எண்ணிட்டு வைத்திருக்க வேண்டும். மேன்முறையீட்டில் அலுவலர் விடுவிக்கப்பட்டு மீள அமர்த்தப்பட்டால், அவர் விசாரணையில் சாட்சி சொன்ன கைதிகள் உள்ள பிரிவுக்குக் கடமைக்கு அனுப்பப்படக் கூடாது. அந்தக் கைதிகளும் தண்டனையாகத் தோன்றும் வகையில் தொலைவிலுள்ள சிறைக்கு மாற்றப்படக் கூடாது. குடும்பத்தார் தோட்ட வேலையை ஒரு நாள் விட்டு, இரண்டு பஸ் மாறிப் பார்க்க வரக்கூடிய தொலைவிலேயே அவர்கள் வைக்கப்பட வேண்டும். விடுதலையாகும் நாள் வரை நலன்புரி அலுவலர் மாதந்தோறும் அவர்களைத் தனியே சந்தித்து, மிரட்டல் ஏதும் உள்ளதா என்று கேட்டு, கேட்டதையும் பதிலையும் அதே கோவையில் சேர்க்க வேண்டும்.